பயோடேட்டாவுல "நில்"லுன்னு எழுதாதீங்க

(கூட்டமைப்பின் ஆண்டுக் கூட்டத்தில் நான் பேசியதை மலருக்காக எழுதிக் கொடுத்தது)



எனக்கு மேடையில பேசிப் பழக்கம் இல்லைங்க. குழுக் கூட்டத்துல தீர்மானம் படிச்சுத்தான் பழக்கம். "பயோடேட்டா எழுதுறதைப் பத்தி நீ பேசு" என்று தலைவி அக்கா சொன்னபோது, "அக்கா, நானே பத்தாவது. வேலைக்கும் போகலை, வீட்டுலதான் இருக்கேன். நான் என்னத்தைப் பேச?" என்று கேட்டேன். "இதுவரைக்கும் எத்தனை பேருக்கு எழுதிக் கொடுத்திருக்கே?" என்றார். எண்ணிப் பார்த்தேன், 17 பேர். அதில் 11 பேரை இண்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள். 6 பேரைக் கூப்பிடவில்லை. "அதைத்தான் பேசச் சொல்றேன், கூப்பிடாததையும் சேர்த்துப் பேசு" என்றார். அதனால வந்து நிக்கிறேன்.

முதல்ல என் கதையைச் சொல்லிடறேன். அதுல சிரிப்பும் இருக்கு.

2022-ஆம் வருஷம். என் வீட்டுக்காரர் தறிக்குப் போகிறவர். அந்த வருஷம் நூல் விலை ஏறி, வாரத்துக்கு ரெண்டு நாள், மூணு நாள்தான் தறி ஓடியது. பொண்ணு ஆறாவது, பையன் மூணாவது. நானும் வேலைக்குப் போனால்தான் ஆகும் என்ற நிலைமை. கரூரில் தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம் நடக்குது, பயோடேட்டா, சான்றிதழ் ஜெராக்ஸ், ஆதார், போட்டோ எடுத்துட்டு வரணும் என்று சொன்னார்கள்.

பயோடேட்டா என்றால் எனக்குத் தெரிஞ்சது கல்யாணத்துக்குக் கொடுக்கிறதுதான். பஸ் ஸ்டாண்டு பக்கத்துல இருக்கிற பிரவுசிங் சென்டருக்குப் போனேன். அங்கே இருந்த தம்பி, ஏற்கெனவே யாருக்கோ அடிச்ச தாளைத் திறந்து, பேரை மட்டும் மாத்தினான். "எக்ஸ்பீரியன்ஸ் இருக்காக்கா?" என்றான். "இல்லப்பா, வீட்டுல சும்மாதான் இருக்கேன்" என்றேன். "நில்" என்று அடிச்சான். 30 ரூபாய் வாங்கிக்கிட்டு ரெண்டு தாள் கொடுத்தான். இங்கிலீஷ்ல அழகா இருந்தது. நான் படிச்சுக்கூடப் பார்க்கலை.

முகாம்ல ஒரு கம்பெனி மேஜை முன்னாடி ஒரு மணி நேரம் நின்னேன். என் முறை வந்தது. அந்த சார் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஹாபி கிரிக்கெட்டுன்னு போட்டிருக்கீங்க. பேட்டிங்கா, பவுலிங்கா?" என்றார். பின்னாடி நின்ன பிள்ளைகள் எல்லாம் சிரிச்சாங்க. அப்புறம், "கம்ப்யூட்டர்ல எக்செல் தெரியும்னு இருக்கே, தெரியுமா?" என்றார். எனக்கு எக்செல் என்றால் என்னன்னே தெரியாது. அந்த முன்னாடி ஆளோட தாளில் இருந்தது அப்படியே என் பேருக்கு வந்திருக்கு. "சரிம்மா, தேவைன்னா கூப்பிடறோம்" என்றார். கூப்பிட மாட்டாங்கன்னு எனக்கே தெரிஞ்சது. அவர் மேல தப்பு இல்லை. அந்தத் தாளில் நான் எங்கேயுமே இல்லை.

அந்த வாரம் குழுக் கூட்டம். நான் வழக்கம் போல சேமிப்பு வாங்கி நோட்டுல எழுதிக்கிட்டு இருந்தேன். எங்க குழுவில் மூத்த அக்கா ஒருத்தர், "என்னாச்சு வேலை?" என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். கிரிக்கெட் கதைக்கு எல்லாரும் சிரிச்சாங்க. அவர் மட்டும் சிரிக்கலை.

"நில்லுன்னா என்னடி?"

"ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம் அக்கா."

"அப்ப இந்த நோட்டெல்லாம் எழுதுனது யாரு?"

எனக்குப் பதில் சொல்ல வரலை. அன்னிக்கு ராத்திரி பிள்ளைகள் தூங்கின பிறகு, பொண்ணோட பழைய நோட்டில் மிச்சம் இருந்த பக்கத்தில், நான் இதுவரைக்கும் செய்த வேலையை எல்லாம் எழுதினேன். சம்பளம் வாங்கினது, வாங்காதது என்று பிரிக்காமல் எழுதினேன். கல்யாணத்துக்கு முன்னாடி, 2007-ல் இருந்து 2010 வரைக்கும், ஒரு டெக்ஸ்டைல் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை பார்த்திருக்கேன். கிச்சன் டவலில் கறை, ஓட்டை, தையல் விட்டது பார்த்துப் பிரிக்கிற வேலை. அதையே நான் மறந்துட்டேன்! பழசாச்சே, சர்டிபிகேட் இல்லையேன்னு விட்டுட்டேன். 2016-ல் இருந்து குழு நோட்டு எழுதுறேன். தீர்மானப் புத்தகத்தை எடுத்து எண்ணிப் பார்த்தேன். 268 கூட்டம் எழுதியிருக்கேன். மூணு தடவை வங்கிக் கடன் வாங்கியிருக்கோம், மொத்தம் 9 லட்சம். ஒரு தவணை தவறினதில்லை. அதுக்கெல்லாம் கணக்கு என் கையெழுத்து.

அக்கா தங்கைகளே, இதுதான் நான் சொல்ல வந்த முதல் விஷயம். எழுதறதுக்கு முன்னாடி, செய்ததை எல்லாம் ஒரு நோட்டில் போடுங்க. கடை பார்த்தது, மாட்டுப் பால் ஊத்தி சொசைட்டியில் கணக்கு வெச்சது, நூறு நாள் வேலையில் மேட்டா இருந்தது, ஊரில் தடுப்பூசி முகாம் நடந்தப்ப வீடு வீடாப் போய்ச் சொன்னது, எல்லாம் போடுங்க. வடிகட்டறது அப்புறம்.

ரெண்டாவது, எண்ணிக்கை போடுங்க. "குழுவில் கணக்கு எழுதினேன்" என்று எழுதினால் படிக்கிறவருக்கு ஒண்ணும் தெரியாது. எத்தனை பேர், எத்தனை வருஷம், எவ்வளவு பணம் என்று எழுதினால்தான் தெரியும். நம்ம குழு என்னன்னே தெரியாத மேனேஜர் அதைப் படிக்கலாம். அவருக்கும் புரியணும். ஆனா நோட்டைப் பார்த்து எண்ணுங்க. குத்துமதிப்பா ஏத்திப் போடாதீங்க.

மூணாவது, எந்த வேலைக்குப் போறோமோ அதுக்கு எழுதணும். ஒரே தாளை இருபது ஜெராக்ஸ் போட்டு இருபது இடத்துல கொடுக்கிறோம். அது கோயில் நோட்டீஸ் மாதிரிதான் போகும். ரெண்டு மாசம் கழிச்சு இன்னொரு கம்பெனி விளம்பரம் வந்தது. "ஸ்டோர் உதவியாளர் தேவை. பெண்கள். பத்தாம் வகுப்பு. சரக்கு வரவு, செலவு எழுதத் தெரிய வேண்டும். ஜவுளி அனுபவம் உள்ளவர்களுக்கு முன்னுரிமை." நான் பேனாவால் மூணு இடத்துல கோடு போட்டேன். பத்தாம் வகுப்பு, வரவு செலவு, ஜவுளி அனுபவம். என் நோட்டில் இருந்து அந்த மூணுக்கும் சேர்ந்ததை மட்டும் எடுத்து மேல வெச்சேன். கோலப் போட்டியில் பரிசு வாங்கினதும் நோட்டில் இருந்தது. அதை எடுத்துட்டேன். அவங்களுக்கு அது வேண்டாம்.

நான் எழுதினதைப் படிக்கிறேன், கேளுங்க.

"விண்ணப்பிக்கும் வேலை: ஸ்டோர் உதவியாளர்.

கணக்கு அனுபவம்: 2016 முதல் மகளிர் சுய உதவிக் குழுவின் கணக்குப் பதிவு. 12 உறுப்பினர்கள். ரொக்கப் புத்தகம், பொதுப் பேரேடு, சேமிப்பு மற்றும் கடன் பேரேடு, தீர்மானப் புத்தகம் ஆகியவற்றை எழுதி வருகிறேன். மூன்று வங்கிக் கடன்கள், மொத்தம் 9 லட்சம் ரூபாய்க்குக் கணக்கு வைத்துள்ளேன். தவணை தவறியதில்லை.

ஜவுளி அனுபவம்: 2007 முதல் 2010 வரை, செக்கிங் பிரிவு. கிச்சன் டவல், நாளொன்றுக்குச் சுமார் 500 பீஸ்.

2010 முதல் 2016 வரை: குழந்தைகள் வளர்ப்பு, வீட்டுப் பொறுப்பு.

கல்வி: பத்தாம் வகுப்பு, 2004. மதிப்பெண் 500-க்கு 341.

மொழி: தமிழ் எழுத, படிக்க, பேசத் தெரியும். ஆங்கிலம் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும்.

கணினி: தெரியாது. கற்றுக்கொள்ளத் தயார்."

அவ்வளவுதான். பேரு, விலாசம், போன் நம்பர், பிறந்த தேதி, கடைசியில் "மேற்கண்ட விவரங்கள் உண்மை" என்று ஒரு வரி, ஊர், தேதி, கையெழுத்து. எல்லாம் சேர்த்து ஒரே பக்கம். அந்த நடுவுல ஆறு வருஷத்தை மறைக்கலை. மறைச்சா அவங்க என்னவோ ஏதோன்னு நினைப்பாங்க. ஒரே வரியில சொல்லிட்டா முடிஞ்சது. பிள்ளை வளர்த்தது ஒண்ணும் தப்புக் காரியம் இல்லையே.

எதை எழுத வேண்டாம் என்றும் சொல்றேன். சாதி, உட்பிரிவு, ராசி, நட்சத்திரம், உயரம், நிறம் இதெல்லாம் கல்யாண ஜாதகத்துக்கு. வேலைக்கு வேண்டாம். வீட்டுக்காரர் சம்பளம், வீட்டுக் கஷ்டம், கடன் இதையும் எழுதாதீங்க. "ஏழைக் குடும்பம், தயவு செய்து வேலை கொடுங்கள்" என்று நாமே ஒரு வரி சேர்க்கிறோம். அவங்களுக்கு வேலைக்கு ஆள் வேணும். நம்மால் என்ன முடியும் என்பதைத்தான் அந்தத் தாளில் தேடுவாங்க. ஆதார் நம்பரையும் பயோடேட்டாவில் போடாதீங்க, அந்தத் தாள் எத்தனை கை மாறுமோ தெரியாது. வேலைக்குச் சேரும்போது கேட்டால் காட்டிக்கலாம். ஒரிஜினல் மார்க் ஷீட்டை யாரிடமும் விட்டுட்டு வராதீங்க. ஜெராக்ஸில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதும்.

நாலாவது, போன் நம்பர். இது சின்ன விஷயம் மாதிரி இருக்கும், ஆனா இதுலதான் நிறையப் பேர் கோட்டை விடறோம். நம்ம வீடுகளில் வீட்டுக்காரர் நம்பரைக் கொடுக்கிறோம். அவர் தறிச் சத்தத்துல இருப்பார், இல்லைன்னா வண்டி ஓட்டிக்கிட்டு இருப்பார். "அவங்க இல்லைங்க" என்று சொல்லி வெச்சுடுவார். கம்பெனிக்காரங்க அடுத்த ஆளுக்குப் போன் பண்ணிடுவாங்க. நம்ம கையில இருக்கிற நம்பரைக் கொடுங்க. இல்லைன்னா பகல்ல வீட்டுல இருக்கிறவங்க நம்பர் ஒண்ணைச் சேர்த்துக் கொடுத்து, அவங்ககிட்ட முன்னாடியே சொல்லி வைங்க. தெரியாத நம்பர் வந்தால் எடுங்க. ஆனா வேலை தர்றேன், முதல்ல பணம் கட்டுங்க என்று யாராவது கேட்டால், அது வேலை இல்லை, ஏமாத்து.

நம்மைப் பத்தி விசாரிக்க யாராவது ரெண்டு பேர் பேரு கேட்டால், குழுத் தலைவி பேரைப் போடலாம், முன்னாடி வேலை பார்த்த இடத்துல சூப்பர்வைசர் பேரைப் போடலாம். அவங்ககிட்ட அனுமதி கேட்டுட்டுப் போடுங்க. எந்த மொழியில் எழுதறது என்று கேக்கறாங்க. விளம்பரம் தமிழ்ல இருந்தா தமிழ்லயே எழுதுங்க. இங்கிலீஷ்ல இருந்தா படிச்ச பிள்ளைங்களை வெச்சு எழுதுங்க, ஆனா ஒவ்வொரு வரிக்கும் அர்த்தம் கேட்டுக்குங்க. வாட்சப்பில் அனுப்பச் சொன்னால், மடிஞ்ச தாளைச் சாய்வா போட்டோ எடுத்து அனுப்பாதீங்க. பிரவுசிங் சென்டரிலேயே பி.டி.எஃப்-ஆகப் போட்டு வாங்கி, அந்த ஃபைலுக்கு உங்க பேரை வைக்கச் சொல்லுங்க.

அஞ்சாவது, பொய் எழுதக் கூடாது. இதை நான் நியாயம் பேசறதுக்காகச் சொல்லலை. பயோடேட்டாவில் என்ன எழுதறோமோ, அதுலேர்ந்துதான் இண்டர்வியூவில் கேள்வி வரும். அதனால நமக்குப் பதில் தெரிஞ்சதை எழுதினால், கேள்வியும் நமக்குத் தெரிஞ்சதாகவே வரும்.

இதுக்கு ஒரு அக்கா கதை சொல்லணும். பேரு வேண்டாம் என்று சொல்லியிருக்கார். கல்யாண வீட்டுச் சமையலுக்குப் போகிறவர். வீட்டுக்காரர் தவறிட்டார். சீசன் இல்லாத மாசத்தில் வேலை கிடையாது. குழுவில் வாங்கின கடன் மூணு தவணை நின்னு போச்சு. நம்ம குழுக்களில் ஒருத்தர் தவணை நின்னா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியும். மத்தவங்க சேர்த்துக் கட்டணும், பேச்சு வரும், பழகின முகமே மாறும். அவர் கூட்டத்துக்கு வர்றதையே நிறுத்திட்டார்.

அந்தச் சமயத்துல ஒரு தனியார் கல்லூரி பெண்கள் விடுதிக்குச் சமையலுக்கு ஆள் கேட்டாங்க. பயோடேட்டாவோட வரச் சொன்னாங்க. நான் அவர் வீட்டுக்கே போனேன். "அஞ்சாப்பு படிச்சவளுக்கு என்ன பயோடேட்டா? போ கண்ணு" என்றார். திண்ணையில் உக்காந்து ஒவ்வொண்ணா கேட்டேன். அதிகமா எத்தனை பேருக்குச் சமைச்சிருக்கீங்க? கூட எத்தனை பேர் வேலை செய்வாங்க? மளிகைப் பட்டியல் யார் போடுறது? அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். "300 பேர் வரை சமையல். 5 உதவியாளர்களை வைத்து வேலை வாங்கிய அனுபவம். மளிகை, காய்கறி அளவுப் பட்டியல் நானே சொல்லுவேன். 14 வருட அனுபவம். இதுவரை எந்த விசேஷத்திலும் சாப்பாடு பற்றாமல் போனதில்லை." கடைசி வரி அவர் சொன்னதுதான். படிச்சுக் காட்டினேன். "இது நானா?" என்று கேட்டார். கண்ணைத் துடைச்சுக்கிட்டு, "14 இல்ல, 15 வருஷம். மாத்து" என்றார்.

இண்டர்வியூவில் வார்டன் அம்மா அந்தத் தாளை வெச்சே கேட்டாங்களாம். "பற்றாமப் போனதே இல்லையா? சரி, 200 பேருக்கு ஒரு நேரம் சாம்பார் சாதம்னா அரிசி எவ்வளவு, பருப்பு எவ்வளவு?" இவர் நின்ன இடத்துலேயே அரிசி, பருப்பு, புளி, எண்ணெய் வரைக்கும் சொல்லியிருக்கார். வார்டன் அம்மா சிரிச்சுட்டாங்களாம். வேலை கிடைச்சது. ஆறு மாசத்தில் பாக்கித் தவணை எல்லாம் கட்டிட்டார். இப்ப ஞாயித்துக்கிழமை கூட்டத்துக்கு முதல் ஆளா வர்றார். இங்கே உங்க நடுவுலதான் உக்காந்திருக்கார்.

கூப்பிடாத ஆறு பேரைப் பத்தியும் சொல்லணும். ரெண்டு பேர் கடைசித் தேதி முடிஞ்ச பிறகு கொடுத்தாங்க. ஒருத்தருக்குப் போன் நம்பரில் ஒரு எண்ணை நான்தான் தப்பா எழுதிட்டேன். அதை நினைச்சா இன்னும் மனசு உறுத்துது. அதுக்கப்புறம் எழுதினவங்களையே நம்பரை வாய்விட்டுப் படிக்கச் சொல்றேன். ஒருத்தர் எட்டாவது படிச்சுட்டுப் பன்னிரண்டாவது கேட்ட வேலைக்குப் போட்டார். மிச்சம் ரெண்டு பேருக்கு ஏன்னே தெரியலை. எல்லாம் சரியா இருந்தது. இப்படியும் நடக்கும்னு தெரிஞ்சுக்குங்க. ஒரு இடத்துல கூப்பிடலைன்னா நாம லாயக்கு இல்லைன்னு அர்த்தம் இல்லை. அடுத்த விளம்பரத்துக்கு மறுபடி கோடு போட்டு மறுபடி எழுதணும்.

"உன் வேலை என்ன ஆச்சு?" என்று கேப்பீங்க. அந்த ஸ்டோர் வேலைக்கு என்னை இண்டர்வியூவுக்குக் கூப்பிட்டாங்க. ஒரு இன்வாய்ஸ் தாளைக் கொடுத்துப் பதிவு பண்ணச் சொன்னாங்க. நம்ம ரொக்கப் புத்தகம் எழுதற மாதிரியே வரவு, செலவு, இருப்புன்னு எழுதிக் கொடுத்தேன். திங்கள்கிழமை வந்து சேருங்க என்றார்கள். சனிக்கிழமை என் மாமியார் குளியலறையில வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைஞ்சது. என்னால போக முடியலை. கம்பெனிக்கு நானே போன் பண்ணிச் சொன்னேன். எனக்கு அதுல வருத்தம் இருக்கு, இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா "நீங்க சும்மா இருக்கிறவங்க" என்ற நினைப்பு அன்னியோட போச்சு. அத்தை இப்ப கோல் ஊணி நடக்கிறார். என் பயோடேட்டாவைத் தூக்கிப் போடலை. குழுவில் நாலாவது கடன் வாங்கினதும் அதில் எழுதிட்டேன், கூட்ட எண்ணிக்கையும் ஏத்திட்டேன். "கணினி தெரியாது" என்று இருக்கிற வரியை மாத்தணும்னு ஆசை. ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனத்துல இலவசமாப் பயிற்சி கொடுக்கறாங்க, சாப்பாடும் உண்டு. என்னென்ன பயிற்சி எப்ப நடக்குதுன்னு விசாரிச்சுட்டு இருக்கேன். நீங்களும் விசாரிங்க. வேலைவாய்ப்பு அலுவலகத்துல பதிஞ்சவங்க மூணு வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க மறக்காதீங்க. அரசாங்கம் நடத்துற தனியார் துறை வேலை இணையத்துலயும் பதியலாம், அதுக்குக் காசு கிடையாது.

1989-ல தர்மபுரியில மகளிர் குழுக்கள் ஆரம்பிச்ச காலத்துல, நம்ம அம்மாக்கள் நிறையப் பேர் கைநாட்டுதான். குழுவில் சேர்ந்துதான் தன் பேரை எழுதக் கத்துக்கிட்டாங்க. பேங்குல கையெழுத்துப் போட்டப்ப அவங்களுக்கு இருந்த சந்தோஷத்தை நான் என் அம்மா முகத்துல பார்த்திருக்கேன். அவங்க பேரை எழுதினாங்க. நாம அந்தப் பேருக்குக் கீழே, என்னென்ன செஞ்சோம்னு எழுதணும்.

ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். மாசத்துல ஒரு கூட்டத்துல அரை மணி நேரம் ஒதுக்குங்க. எழுதத் தெரிஞ்சவங்க, எழுதத் தெரியாதவங்க பக்கத்துல உக்காந்து, அவங்க செஞ்ச வேலையைக் கேட்டு எழுதிக் கொடுங்க. வேலைக்குப் போறாங்களோ இல்லையோ, அந்தத் தாள் அவங்க பீரோவில் இருக்கட்டும். யாருக்காவது எழுத வேணும்னா எங்க வீட்டுக்கு வாங்க. மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல நான் சும்மா... இல்லைங்க, வீட்டுல இருப்பேன்.